கடல் தாண்டிய கடிவாளம்

"அப்பா, போனை எடுங்க. அரசாங்கக் கால்நடை டாக்டருக்குப் பேசுங்க. இப்பவே."

சோல்ரூன் இதைச் சொன்னபோது ஹ்யால்டி காய்ந்த மீன் துண்டில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கத்தி பாதி மீனில் நின்றது. அண்ணன் இல்லுகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அம்மா ஃபியோலா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள். தண்ணீர்ச் சத்தம் நின்ற பிறகுதான், தான் எவ்வளவு உரக்கப் பேசியிருக்கிறோம் என்று சோல்ரூனுக்கு உறைத்தது.

அந்த வீட்டில் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். கார் கேட்கலாம். மேலே படிக்கப் போக வேண்டும் என்று கேட்கலாம். அவள் கேட்டாள், முகத்தைச் சுளித்துக்கொண்டே அனுப்பி வைத்தார்கள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். ஆனால் அந்த டாக்டரைக் கூப்பிடச் சொல்லி மட்டும் கேட்கக் கூடாது. ஸ்வார்டகில் பண்ணையில் பதினாறு வருடமாக இருக்கும் சட்டம் அது. அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஓர் இலையுதிர் காலத்தில், பட்டியில் ஒரு ஆடு கால் நடுங்கி வேலியில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே நின்றது. அது என்ன நோய், ஒன்றுக்கு வந்தால் மந்தையையே அழிப்பார்கள் என்று ஹ்யால்டிக்குத் தெரியும். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் என்றால் அந்த ஒரு ஆட்டைக் கொன்று புதைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். அவர் போனை எடுத்தார். டாக்டர் அவருக்கு நன்றி சொன்னார். பத்து நாள் கழித்து லாரிகள் வந்தன. நானூற்றுப் பன்னிரண்டு ஆடுகளையும் ஒரே பகலில் சுட்டு முடித்தார்கள். நோய் இருந்தது இரண்டுக்கு மட்டும் என்று பிறகு காகிதம் வந்தது. இவரால்தான் பள்ளத்தாக்கு முழுக்க ஆடு விற்கத் தடை வந்தது என்று, அதற்கப்புறம் ஒரு வருடம், ஒரே ஒரு காரைத் தவிர எதுவும் அவர்கள் வீட்டுப் பாதையில் திரும்பவில்லை. தேவாலயத்தில் அவர்கள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. சட்டத்தைப் போட்டது அம்மாதான். "இனிமே இந்த வீட்ல நின்னுகிட்டு யாரும் அவங்களைக் கூப்பிடக் கூடாது. என்ன நடந்தாலும் சரி." பிறகு ஆடுகள் இருந்த கொட்டகையைக் குதிரை லாயமாக்கினார்கள்.

"அந்தப் பேச்சை இங்க எடுக்காதே" என்றார் ஹ்யால்டி. குரல் உயரவில்லை. கத்தி மறுபடி நகர்ந்தது.

"தோக்கா இருமுது. மூக்குல மஞ்சளா வழியுது."

"ரெண்டு தடவ இருமிச்சு. அதுக்குப் போய் ஊரைக் கூட்டணுமா?" என்றான் இல்லுகி ஜன்னலைப் பார்த்தபடியே.

"ரெண்டு இல்ல, ஒன்பது. காலையிலேர்ந்து எண்ணிட்டிருக்கேன்."

"நீ எதத்தான் எண்ணல? குளம்புச் சத்தத்தையே எண்ணுறவ நீ."

அதுதான் அந்த வீட்டு வேடிக்கை. மூன்று வருடம் குதிரை பழக்குவதைப் பற்றிப் படித்து, தேறி, பட்டம் வாங்கி வந்தவள் இரண்டு வருடமாக ஒரே ஒரு பெட்டைக்குதிரையின் குளம்புச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருக்கிறாள். தோக்காவின் நிறம் அதன் பெயரேதான், மூடுபனி. நான்கு வயது வரை மலையில் கிடந்துவிட்டுக் கீழே வந்தபோது அது ஓடினால் ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து போய், சேர்ந்து வந்தன. மேலே உட்கார்ந்தவனுக்கு இடுப்பெலும்பு கழன்றுவிடும். இந்த ஊர்க் குதிரைகளுக்கே உரிய டோல்ட் நடையில் நான்கு குளம்பும் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி பிசகாமல் விழ வேண்டும். கையில் நிரம்பிய பீர்க் கோப்பை இருந்தாலும் ஒரு துளி சிந்தக் கூடாது. ஹ்யால்டியைக் கேட்டால் அது ரத்தத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறைச்சிக்கு அனுப்ப வேண்டும். இல்லுகியைக் கேட்டால், வாய்க்கம்பியை மாற்று, முன்னங்காலில் கனமான உறையை மாட்டு, தானாகத் தூக்கி வைக்கும். சோல்ரூன் ஒரு குளிர்காலம் முழுக்க அதை வெறுமனே நடக்க வைத்தாள். "குதிரைக்கு நடக்கறதுல டிகிரி குடுக்கறா" என்று அப்பா வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். வீட்டு முற்றத்திலிருந்து பண்ணை வாசலில் இருக்கும் கம்பிப் பாலம் வரைக்கும் போகும் சரளைப் பாதையில்தான் பழக்குவாள். புல் பொய் சொல்லும், சரளை சொல்லாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். இரண்டாகத்தான் விழும். இரண்டு, இரண்டு, இரண்டு. போன ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், பாலத்துக்கு முன்னால் இருக்கும் சின்ன ஏற்றத்தில், அது நான்காக விழுந்தது. இருநூறு அடி தூரம். கண்ணைத் திறந்தால் போய்விடுமோ என்று திறக்காமலே போனாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

பத்து நாளைக்கு முன்னால் அவள் தோழியின் பண்ணைக்கு, மலையிலிருந்து ஆடு இறக்கப் போயிருந்தாள். அன்றைக்கு இல்லுகி தோக்கா மேல் ஏறியிருக்கிறான். விலைக்குக் கேட்ட யாருக்கோ வீடியோ அனுப்ப வேண்டுமாம். அது அவளுக்குத் தெரிய வந்ததே இன்று காலையில்தான், அதுவும் யாரும் தானாகச் சொல்லி இல்லை. லாயத்தின் சேண அறையில் அவன் மழைக்கோட்டை நகர்த்தியபோது ஆணியில் ஒரு கடிவாளம் தொங்கியது. கறுப்புத் தோல், நெற்றிப் பட்டையில் பித்தளைப் பூக்கள். அதைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. மோக்கூரின் கடிவாளம். வாய்க்கம்பியில் காய்ந்த நுரை ஒட்டியிருந்தது. மடக்கிக் கேட்ட பிறகுதான் இல்லுகி மீதியைச் சொன்னான்.

மோக்கூர் ஜெர்மனியில் இருக்கிறது. இல்லுகி குட்டியிலிருந்து வளர்த்த குதிரை; கோடையில் அங்கே நடந்த பெரிய போட்டிக்குக் கொண்டு போனான். போகும்போதே எல்லோருக்கும் தெரியும், இந்தத் தீவை விட்டுக் கடல் தாண்டிய குதிரை மறுபடி இங்கே குளம்பு வைக்க முடியாது. ஜெயித்தாலும் தோற்றாலும் அங்கேயே விற்றுவிட்டுத்தான் வர வேண்டும். ஆயிரம் வருடமாக வெளிக்குதிரை எதுவும் வராததால் வெளியூர்க் குதிரைகளுக்குச் சாதாரணமாக வரும் சளி, காய்ச்சல்கூட இங்கே இருப்பவற்றின் உடம்புக்குப் பழக்கமில்லை. அதனால் குதிரை மட்டுமில்லை, அங்கே அதன் மேல் போட்ட சேணம், கயிறு, கையுறை எதுவும் திரும்பி வரக் கூடாது. விமான நிலையத்தில் எழுதிப் போட்டிருக்கிறது. எழுதாவிட்டாலும் இங்கே மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியும். இல்லுகிக்குத் தெரியாதா? அவன் அதைக் கம்பளிச் சட்டைகளுக்கு அடியில் சுருட்டி வைத்துக் கொண்டு வந்திருந்தான்.

"கடிவாளத்தைக் கொதிக்க வச்சியா? மருந்துல முக்கினியா? எதாவது பண்ணினியா?" என்றாள் சோல்ரூன்.

"கழுவினேன்."

"எதுல?"

"தண்ணில. வேற எதுல கழுவுவாங்க? பால்லயா?"

"இல்லுகி, அதுல நுரை காஞ்சு கிடக்கு. நீ கழுவவே இல்ல."

அவன் முதல் முறையாகத் திரும்பினான். கண்கள் சிவந்திருந்தன. "ஏழு வருஷம் என் கூட இருந்தது. ஒரு பல் டாக்டரம்மா கையில கயித்தக் குடுத்துட்டு வந்தேன். அது என்னையே பாத்துட்டு நிக்குது. குதிரையத்தான் கொண்டு வர முடியாது. ஒரு தோல் வாரக்கூடவா கொண்டு வரக் கூடாது?"

"கொண்டு வந்து உன் ரூம்ல மாட்டி அழுதிருக்கலாம்ல? என் குதிரை வாயிலயா மாட்டணும்?"

"உன் குதிரையா?" என்றார் ஹ்யால்டி. அவ்வளவுதான் சொன்னார்.

 பத்திரத்தில் தோக்கா யார் பெயரில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கோபத்தில் சோல்ரூனுக்குக் காது சூடானது. சரியான விஷயத்தைச் சொல்ல வந்து, தப்பான வார்த்தையை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவது அவளுக்கு வழக்கம். கல்லூரியிலும் அப்படித்தான். அங்கே அவளைப் பண்ணைக்காரி என்றார்கள், இங்கே வந்தால் படித்தவள் என்கிறார்கள். இரண்டு இடத்திலும் அது திட்டுதான்.

அப்போது வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டாமல், காலணியை மட்டும் கழற்றிவிட்டு உள்ளே வருகிற ஒரே ஆள் பக்கத்துப் பண்ணை பால்மிதான். அறுபதைத் தாண்டியவர், மூக்குப் பொடி போடுகிறவர். ஆடுகளைச் சுட்ட அன்று பகல் முழுக்க ஹ்யால்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். அதற்கடுத்த அந்த ஒரு வருடத்திலும் பாதையில் திரும்பிய ஒரே கார் அவருடையது.

"என்னடா இது, எழவு வீடு மாதிரி இருக்கு? நாளைக்கு மலையிறக்கம், எல்லார் வீட்லயும் பாட்டுப் பாடறான். இங்க என்ன, தேர்தல்ல வேண்டாத ஆள் எவனாவது ஜெயிச்சுட்டானா?"

ஃபியோலா காப்பி ஊற்றினாள். தட்டில் முறுக்கிப் பொரித்த கிளெய்னா வைத்தாள். பால்மி ஒன்றை எடுத்துக் காப்பியில் முக்கினார்.

"பட்டதாரியம்மா எப்படி இருக்கீங்க? குதிரை இப்ப எழுதப் படிக்குதா?"

"நல்லா இருக்கேன், பால்மி" என்றாள் சோல்ரூன்.

சொல்லிவிடலாம். இதோ, ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். கோடை முழுக்க மலை மேய்ச்சலில் கிடந்த முந்நூறு குதிரைகளும் நாளை காலை கீழே இறங்கி ஒரே வட்டப் பட்டிக்குள் அடைபடும். மூக்கோடு மூக்கு, விலாவோடு விலா. அதில் முப்பத்தெட்டுப் பெட்டைகள் பால்மியுடையவை, பாதிக்கு மேல் குட்டியோடு. அவற்றை இறக்கப் போகிறவர்கள் ஏறிப் போவது வீட்டு லாயத்துக் குதிரைகளில்தான். அவள் கோப்பையை இறுக்கிப் பிடித்தாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை. மீனைத் தட்டில் கோடு போட்ட மாதிரி அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு துண்டு பிசகியதும் எடுத்து மறுபடி நேராக வைத்தார். அதைப் பார்த்த பிறகு அவள் சொல்லாமல் காப்பியைக் குடித்தாள். அதற்காக அவளுக்கு அவள் மேலேயே எரிச்சல் வந்தது.

லாயத்திலிருந்து சத்தம் வந்தது. வறட்டு இருமல். ஒன்று, கொஞ்சம் விட்டு இன்னொன்று.

பால்மியின் கை நின்றது. "அது என்ன?"

"புது வைக்கோல். ஒரே தூசி" என்றான் இல்லுகி. உடனே சொன்னான், வழுக்கிக்கொண்டு வந்தது.

"ஆமா, இந்த வருஷம் என்னோடதும் தூசிதான். நனைச்சுப் போடு." பால்மி மறுபடி மென்றார். "நான் வந்த விஷயம் வேற. என் சிவப்பன் லாடத்தைப் பிடுங்கிட்டு நொண்டுது. நாளைக்கு மலைக்கு ஏற எனக்கு ஒண்ணு வேணும். உன்னோட லெட்டிரைக் குடேன், ஹ்யால்டி. என்னை மாதிரி கெழவனுக்கு அதுதான் சரி, ரெண்டு பேரும் பாதி வழில தூங்கிடுவோம்."

லெட்டிர் நிற்பது தோக்காவுக்குப் பக்கத்துத் தடுப்பில். இரண்டும் ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கின்றன.

சோல்ரூன் அப்பாவைப் பார்த்தாள். ஏதாவது ஒரு பொய் சொல்வார் என்று நினைத்தாள். லெட்டிருக்கும் கால் சரியில்லை, இல்லுகிக்கு வேண்டும், எதையாவது. சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. ஹ்யால்டி தட்டைத் தள்ளி வைத்தார்.

"இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு இல்லுகி வண்டில ஏத்திக் கொண்டு வந்து விடுவான்" என்றார்.

பால்மி போனதும் சோல்ரூன் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. யாரும் தூக்கி நிறுத்தவில்லை.

"பால்மிக்கா? வேற யாருக்காவதுன்னா கூட... பால்மிக்கு எப்படி மனசு வந்தது உங்களுக்கு?"

"குடுக்கலன்னா ஏன்னு கேப்பான்."

"கேட்டா சொல்லுங்க!"

"என்னன்னு சொல்றது?" இப்போதுதான் அவர் குரல் உயர்ந்தது. "அது தூசியா இருந்தா? உன் புஸ்தகத்துல அதுக்கு என்ன போட்டிருக்கு? டாக்டர் வருவான், மூக்குல குச்சி விடுவான், தலைநகரத்துக்கு அனுப்புவான். தூசின்னு பதில் வர பத்து நாள். அதுவரைக்கும் மலையிறக்கம் கிடையாது. மேல பனி விழுந்துட்டிருக்கு. முந்நூறு குதிரை மேல நிக்கும். யாரால? ஹ்யால்டியால. திரும்பவும் ஹ்யால்டியால."

"நோயா இருந்தா?"

"இருமல்தானே? எல்லாம் இருமும், ஒரு மாசத்துல எழுந்துக்கும்."

"குட்டிங்க எழுந்துக்காது. நீங்க பாத்திருக்கீங்க. எல்லாக் குட்டியும் எழுந்துக்காது."

அவர் மேஜை விரிப்பில் விழுந்த மீன் தூளை உள்ளங்கையால் ஓரத்துக்குத் தள்ளினார். "போன தடவ நான் சரியாத்தான் பண்ணேன். நீ சின்னவ, உனக்குத் தெரியாது. சட்டப்படி, நேர்மையா, மொத ஆளா கூப்பிட்டேன். என்ன குடுத்தாங்க எனக்கு? ஒரு நன்றி. அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. ஆடுங்க எவ்வளவு நேரம் வரிசைல அமைதியா நின்னுதுங்க தெரியுமா? என்னை நம்பித்தான் நின்னுதுங்க."

அவளுக்கு அழுகை வரப் பார்த்தது. வந்தால் தோற்றோம் என்று பல்லைக் கடித்தாள். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அதுதான் கொடுமை. முட்டாள்தனமாகப் பேசினால் எதிர்த்துப் பேசலாம். இதை என்ன செய்வது? இவ்வளவு நேர்மையான ஒரு மனிதரைப் பிடித்து, இனிமேல் நேர்மையே வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு இந்த ஊர் திருப்பி வைத்திருக்கிறது. அதற்குப் பழியை யார் மேல் போடுவது என்று தெரியாமல் அவள் இல்லுகியைப் பார்த்தாள்.

"நீயாவது பேசேன். கொண்டு வந்தவன் நீ. நீயே கூப்பிட்டுச் சொல்லிட்டா பாதி பாரம் போயிடும்."

"அபராதம் போடுவாங்க. போட்டிலேர்ந்து தூக்கிடுவாங்க. பள்ளத்தாக்குல எவனும் ஒரு குட்டியக்கூட பழக்க எங்கிட்ட குடுக்க மாட்டான்."

"சரி."

"என்ன சரி?"

"சரின்னேன். அவ்வளவுதான்."

மணி நாலே கால். அவள் வெளியே போய்த் தன் பழைய காரை எடுத்தாள். பண்ணை வாசலில், இரண்டு கல் தூண்களுக்கு நடுவே, இரும்புக் கம்பிகள் பதித்த அந்தப் பாலத்தின் மேல் அதைக் குறுக்காக நிறுத்தினாள். குதிரை வண்டி எதுவும் அதைத் தாண்டிப் போக முடியாது. சாவியை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்து வந்தாள். சேண அறையிலிருந்து மோக்கூரின் கடிவாளத்தை எடுத்து, காலியான பெரிய ஸ்கிர் தயிர் டப்பாவுக்குள் சுருட்டி வைத்து மூடியை அழுத்தினாள். தோக்கா தடுப்பின் மேலாகத் தலையை நீட்டியது. வழக்கமாக நெற்றியில் கை வைப்பாள். இன்று வைக்கவில்லை. "இருடி" என்று மட்டும் சொன்னாள். அதன் உதட்டோரத்தில், வாய்க்கம்பி அழுத்திய இடத்தில் சின்னதாகத் தோல் உரிந்து ஆறிக்கொண்டிருந்தது. பத்து நாளாக இதை எப்படிப் பார்க்காமல் இருந்தோம் என்று நினைத்தாள். குளம்புகளை எண்ணிக்கொண்டிருந்தவள் வாயைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் வந்து உடுப்பையெல்லாம் கழற்றி வாசலிலேயே போட்டாள். நோய் தன் உடம்போடு வெளியே போய்விடக் கூடாது என்று கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தலைமுடி, நகக்கண், காதுமடல் என்று தேய்த்துக் குளித்தாள். டப்பாவையும் வெளிப்பக்கம் மருந்து போட்டுத் துடைத்தாள். அலமாரியைத் திறந்தால் லாய வாசனை படாத துணி எதுவும் இல்லை. கம்பளிச் சட்டை, கால்சட்டை, தேவாலயத்துக்குப் போடும் பாவாடைகூட. எல்லாவற்றிலும் குதிரை மயிர். கடைசியில் மூலையில், பிளாஸ்டிக் உறைக்குள், பட்டமளிப்பு நாளுக்கு வாங்கிய கறுப்புக் கோட்டும் கால்சட்டையும் இருந்தன. ஒரே ஒரு நாள் போட்டது. கூடவே, அதே நாளில் போட்ட மெல்லிய தோல் காலணி.

அவள் வெளியே வந்தபோது இல்லுகி முற்றத்தில் நின்று வாசல் பக்கம் கையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தான். "காரை எடு! சாவி எங்க? பைத்தியம் பிடிச்சிருச்சா உனக்கு?" ஹ்யால்டி மேஜையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நடையில் அம்மா நின்றிருந்தாள். மகளை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். கறுப்புக் கோட்டு, ஈரத் தலை, கையில் தயிர் டப்பா. சட்டம் போட்ட அதே வாயைத் திறந்தாள்.

"வாசலைத் தாண்டினா, இந்த வீட்ல நின்னு கூப்பிட்டதா ஆகாது" என்றாள் ஃபியோலா. பிறகு காலணியைப் பார்த்தாள். "அது சரளைல நடக்க லாயக்கில்லாதது."

"தெரியும்மா."

சோல்ரூன் கதவைத் திறந்தாள். காற்றில் பனியின் வாசனை இருந்தது. எதிர் மலையின் தலை காலையிலிருந்ததைவிடக் கீழே வரை வெளுத்துவிட்டது. தோக்காவைப் பழக்கிய அதே பாதை, அதே சரளை. ஒவ்வொரு கல்லும் மெல்லிய தோலைத் தாண்டி உள்ளங்காலில் உறைத்தது. கோட்டின் ஒரு பையில் கார்ச் சாவி, இன்னொன்றில் போன். நம்பரைத் தேட வேண்டியதில்லை; கல்லூரியில் முதல் வாரமே மனப்பாடம் செய்ய வைத்த நம்பர். யாருக்கு முதலில் பேசுவது என்பதைக்கூட அவள் குளிக்கும்போதே முடிவு செய்திருந்தாள். முதலில் டாக்டர். அடுத்து பால்மி.

பின்னால் லாயக் கதவு இழுபடும் சத்தம். இல்லுகி விடவில்லை, ஆற்றுப் பக்கமாக நடத்தியே கொண்டு போய்விடலாம் என்று லெட்டிரை வெளியே எடுக்கிறான். சரளையில் குளம்புகள் விழுந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவளையும் அறியாமல் எண்ணினாள். சீரான நடை, கிழட்டுக் குதிரையின் நிதானமான நடை. பிறகு அது நின்றது. ஒரு கணம் எதுவுமில்லை, ஆற்றின் இரைச்சல் மட்டும்.

லெட்டிர் இருமியது.

அதற்குப் பிறகு குளம்புச் சத்தம் இல்லை, இல்லுகியின் குரலும் இல்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கல் தூண்களுக்கு நடுவே குறுக்காக நின்ற காரைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கத்துச் சாலையில் காலை வைத்தாள்.